நான்கு பாகம் ஆழத்தில் ஒரு எஞ்சின்

மரக்காணத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஓய்வு நேரத்தில் தண்ணீருக்கு அடியில் போகும் வண்டி ஒன்றைச் செய்தேன். எதற்காக என்று கேட்டவர்களுக்கு அப்போதும் என்னிடம் சரியான பதில் இருந்ததில்லை. மூன்று வருடத்தில் முடிந்துபோன கல்யாணம், ஈ.சி.ஆர். ரோட்டுக்கு உள்ளடங்கி ஒரு வாடகை வீடு, சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வேலை எதுவும் கிடையாது. சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் பிரவுசிங் சென்டரில் உட்காருவேன். எங்கேயோ வெளிநாட்டில் யார் யாரோ தங்கள் வீட்டு கராஜில் இப்படிச் செய்து ஏரியில் விட்டுப் பார்ப்பதாக எழுதியிருந்தார்கள். படங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிளம்பிங் கடை பைப்பில் ஒரு சூட்கேஸ் அளவுக்குச் சட்டம் கட்டினேன். டேப் ரெக்கார்டர் மோட்டார்கள் மூன்று. போட்டோ ஸ்டூடியோவில் குப்பையில் போடும் பிலிம் ரோல் டப்பாக்களை வாங்கி வந்து, ஒவ்வொரு மோட்டாரையும் ஒரு டப்பாவுக்குள் வைத்து மெழுகை உருக்கி ஊற்றி அடைத்தேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கட்டைவிரல் அளவு கேமரா ஓர் எவர்சில்வர் டப்பாவுக்குள் போனது. மூடியில் வட்டமாக வெட்டிக் கண்ணாடி ஒட்டினேன். அதிலிருந்து நாற்பது மீட்டர் ஒயர் ஒரு சின்ன பிளாக் அண்ட் ஒயிட் டி.வி.க்கு வந்தது. தண்ணீரின் ஆழம் பார்ப்பதற்குத் தனியாக ஒரு கருவி. துறைமுகப் பக்கம் பழைய சாமான் கடையில், ஏதோ விசைப்படகிலிருந்து கழற்றிய வில்லை ஒன்று கிடைத்தது. அது தண்ணீருக்குள் டிக் டிக்கென்று ஒலியை அனுப்பும். ஒலி தரையில் மோதித் திரும்பி வரும். வந்துசேர எடுத்த நேரத்தைப் பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். பள்ளியில் கழித்துக்கட்டிய ஆஸிலோஸ்கோப் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் எழுதிக்கொடுத்து வாங்கி வந்திருந்தேன். அதன் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடும். எதிரொலி வரும் இடத்தில் கோடு மேடு தட்டும். அவ்வளவுதான் அந்தக் கருவி.

இரண்டாயிரத்து நான்கு கோடையில் அதை முதலில் உப்பளத்தில்தான் விட்டுப் பார்த்தேன். பாத்திகளுக்குப் பாய்ச்ச உப்புநீரைத் தேக்கி வைத்திருக்கும் குளம் ஒன்று இருந்தது. வண்டி முங்கவே இல்லை. வீட்டுத் தொட்டித் தண்ணீரில் ஒழுங்காக முங்கிய வண்டி, அந்தக் கனத்த உப்புநீரில் தக்கை மாதிரி மிதந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

"கல்லு கட்டி வுடுங்க டீச்சர்" என்றார் ஒருவர்.

அவர் சொன்னதுதான் சரி. இரண்டு செங்கல்லைக் கட்டியதும் முங்கியது.

எங்கள் தெருவுக்கு அன்னக்கூடையில் மீன் கொண்டுவரும் பெண் ஒருத்தி இருந்தாள். கடலோரக் குப்பத்துக்காரி, கிட்டத்தட்ட என் வயது. மீனை ஆய்ந்து கொடுப்பதற்காக என் வீட்டுப் பின்பக்கம் உட்காருவாள். ஒருநாள் வண்டியைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா டீச்சர் இது, எலிப்பொறியா?"

"தண்ணிக்குள்ள போற வண்டி."

"போயி?"

"அடியில என்ன இருக்குன்னு காட்டும்."

கையிலிருந்த மீனை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு இருவது வருசமா கடலுக்குப் போறாரு. அடியில இன்னா இருக்குதுன்னு கேட்டா சேறுன்றாரு. வெறும் சேறு மட்டுமா டீச்சர் இருக்கும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் உப்பளத்துக்கு அழைத்துப் போனேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினாள். வண்டியை அவளை நோக்கி ஓட்டினேன். டி.வி.யில் அவளுடைய இரண்டு பாதங்களும் பெரிதாக, சாம்பல் நிறத்தில் வந்தன. அங்கிருந்தே எட்டி எட்டித் திரையைப் பார்த்து, விரல்களை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். கரையேறி வந்ததும், "இத கடல்ல வுடணும் டீச்சர். நான் அவராண்ட சொல்றேன்" என்றாள்.

சொன்னபடி செய்தாள். அவள் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். சொந்தமாக ஃபைபர் படகு ஒன்றும் எஞ்சினும் வைத்திருந்தார். வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த சுவிட்ச் எதற்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நானும் வரலாமா என்று அவளிடம் தனியாகக் கேட்டேன்.

"பொம்பளைங்க படகுல ஏறக்கூடாது டீச்சர். நானே ஏறினது கெடையாது. ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க."

எனவே நாங்கள் இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். படகு போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. அவர் இறங்கி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"சாம்பக் கலரா இருந்துச்சு. அப்பால ஒரு நண்டு."

"அவ்ளோதானா?" என்றாள் அவள்.

"நண்டு வந்து கண்ணாடிய உத்துப் பார்த்துச்சு" என்று அவர் சேர்த்துச் சொன்னார். அன்று முழுக்க அவள் அந்த நண்டைப் பற்றியே பேசினாள். மழைக்காலம் தொடங்குவதற்குள் மூன்று நான்கு தடவை போய் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் என்ன பார்த்தார் என்பதை அவள்தான் அவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கி எனக்குச் சொன்னாள்.

டிசம்பரில் அரையாண்டு விடுமுறை. பெருமுக்கல்லில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பக்கத்து வீட்டுக்காரர், கடல் ஊருக்குள் வந்துவிட்டதாகச் சொன்னார். கடல் எப்படி வரும் என்று அண்ணன் கேட்டார். அப்புறம் டி.வி.யைப் போட்டோம். நான் இட்லியைச் சாப்பிட்டு முடித்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்கு இட்லி.

மறுநாள்தான் போக முடிந்தது. என் வீடு மேட்டில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குப்பத்தில், சுவர் இருந்த இடங்களில் சுவரின் அடிக்கோடு மட்டும் தெரிந்தது. காலை நேரம், படகுகள் வரும் வேளை என்பதால் மீன் எடுக்கப் பெண்கள் எல்லோரும் கரையில் நின்றிருக்கிறார்கள். அவளும் அன்னக்கூடையோடு நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பலருடைய உடல்கள் சவுக்குத்தோப்பிலும் முள்வேலியிலும் கிடைத்தன. அவளுடையது கிடைக்கவில்லை.

நான் அழவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். நிவாரண முகாமில் பேர் எழுதும் வேலைக்கு ஆசிரியர்களைப் போட்டார்கள். எழுதினேன். பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர்களை வாசித்தேன். ஒரு பெயருக்குப் பதில் வராமல் வகுப்பு அமைதியாக இருந்தது. அடுத்த பெயரை வாசித்தேன். சக ஆசிரியை ஒருத்தி, உங்களுக்கு மனசு ரொம்பத் தைரியம் என்றாள். அது தைரியம் இல்லை. பல் பிடுங்கப் போகும்போது ஊசி போட்டதும் கன்னம் மரத்துப்போய், அது நம்முடையதே இல்லை போலத் தொங்குமே, உடம்பு பூராவும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

மார்ச் மாதம், கடல் அடங்கிய பிறகு, அவள் வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"அந்த மெஷின் இருக்குதுங்களா?"

"இருக்கு."

"எஞ்சினத் தேடணும் டீச்சர். படகு கரையில கெடந்துச்சு. தண்ணி இழுத்துக்கிச்சு. படகு ரெண்டு துண்டா சவுக்குத்தோப்பாண்ட கெடக்குது. எஞ்சின் கடலுக்கு உள்ளதான் எங்கியோ இருக்கும்."

"எடுத்துட்டுப் போங்க. சுவிட்ச் எல்லாம் உங்களுக்குத் தெரியுமே."

"அந்தப் பச்சைக் கோடு எனக்குப் புரியாது. நீங்க வரணும்."

"ஊர்ல?"

"ஊர்ல இப்ப யாரு கேக்கப்போறா" என்றார்.

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. அவருடைய பெரியப்பா மகனின் படகு ஒன்றைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்திருந்தார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், நான் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படகில் ஏறுவதைப் பார்த்தார்கள், பிறகு வலையைப் பார்த்தார்கள். ஒருவர் டி.வி. பெட்டியை எனக்கு ஏற்றிக்கொடுத்தார். அப்படித்தான் நான் முதன்முதலில் கடலுக்குப் போனேன். எவ்வளவோ நாள் ஆசைப்பட்ட விஷயம். அலை தாண்டும்போது படகு எகிறி விழுந்தது. பயமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பாட்டரி ஒயரில் உப்புத்தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். நாங்கள் இரண்டு பேர், எஞ்சின் பிடித்துப் படகை ஓட்ட அந்தப் பெரியப்பா மகன். கரைக்கு இணையாக மெதுவாகப் போவோம், பிறகு ஐம்பது அடி தள்ளித் திரும்பி வருவோம். ஒலி அனுப்பும் வில்லையை ஒரு கழியின் நுனியில் கட்டித் தண்ணீருக்குள் விட்டிருந்தேன். டிக், டிக், டிக். நான் தலைமேல் துணியைப் போர்த்திக்கொண்டு பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் கைகளை விரித்து ஒரு பாகம், இரண்டு பாகம் என்று கயிற்றை அளந்து இறக்கிப் பார்த்து, என் கணக்கோடு ஒத்துவருகிறதா என்று சொல்லுவார். கோட்டில் எங்காவது மேடு மாறினால் படகை நிறுத்தி வண்டியை இறக்குவோம். டி.வி.யில் சாம்பல் நிறம் வரும். சாம்பல் நிறத்துக்குள் கொஞ்சம் கறுப்பாக ஏதாவது வரும். முதல் நாள் ஒரு கிரைண்டர் கல். பிறகு ஒரு தகர ஷீட். ஒரு தடவை தையல் மெஷின் ஒன்று, நேராக, யாரோ உட்கார்ந்து தைத்துவிட்டு எழுந்து போனது போல நின்றது. மூன்று பேரும் பார்த்தோம். நான் வண்டியைத் திருப்பினேன்.

நான்காவதோ ஐந்தாவதோ ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் கிடைத்தது. நான்கு பாகம் ஆழம். பக்கவாட்டில் சாய்ந்து, பாதி மணலில் புதைந்து, மேலே வலை சுற்றிக் கிடந்தது. அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்களுதுதானா?" என்று கேட்டேன்.

"என்னுதுதான். அந்தக் கைப்பிடி நான் வெல்டு வெச்சது."

"கயிறு கட்டி மிதவை போட்டுடலாமா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கரைப்பக்கம் பார்த்து, தென்னை மரம் ஒன்றையும் செல்போன் டவரையும் வைத்து இடத்தை மனதில் குறித்துக்கொண்டார் போலிருந்தது. பிறகு, "அது எங்கியும் போவாது. இன்னும் கொஞ்சம் வடக்கால பார்க்கலாமா டீச்சர்?" என்றார்.

எஞ்சின் பிடித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன் என்னைப் பார்த்தான். நான் ஒயரைச் சுற்றினேன்.

"பார்க்கலாம்" என்றேன்.

அன்றிலிருந்து நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. வடக்கே பார்த்தோம். தெற்கே கீழ்புத்துப்பட்டுப் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்தோம். மழைக்காலத்தில் நிறுத்தினோம். அடுத்த வருடம் தை கழிந்ததும் அவர் மறுபடி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நான் மோட்டார்களுக்குப் புதிதாக மெழுகு ஊற்றி வைத்திருந்தேன். வந்து கேட்பார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சேற்றில் என்ன மிச்சமிருக்கும், இந்தக் கேமராவுக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்பதெல்லாம் அவரைவிட எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என்னிடமும் வேறு வேலை இல்லை. தலைமேல் துணியைப் போர்த்திக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றும் நினைக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு உதவி செய்ததாக ஊரில் சொன்னார்கள். அது பாதிதான் சரி.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. கடல் தட்டையாக இருந்தது. மூன்று மணி நேரம் ஓடிக் கோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. எஞ்சினை அணைக்கச் சொன்னார். படகு சும்மா மிதந்தது.

"டீச்சர், இதுல ஆளு தெரியுமா?"

துணியை விலக்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"தெரியாதுங்க" என்றேன். "இவ்ளோ நாள் ஆனப்புறம் தெரியாது."

"போன வருசம்?"

"போன வருசமும் தெரிஞ்சிருக்காது. நாம போகும்போதே ரெண்டு மாசம் ஆயிடுச்சு."

தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "தெரியும். சும்மா கேட்டேன்" என்றார். பெரியப்பா மகன் பீடியைப் பற்றவைத்து அவரிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் பிடிக்கவில்லை.

பிறகு அவர் பேசத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடல் ஊருக்குள் வந்த அன்று தன் படகைக் கரையில் விட்டுவிட்டு, கூட ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள் என்று இதே பெரியப்பா மகன் படகில் போயிருந்தாராம். நல்ல உள்கடல், இருபத்தைந்து பாகம் ஆழம்.

"வலை இழுத்துனு இருந்தோம். படகு லேசா தூக்கினாப்ல இருந்துச்சு. இவன்கூட இன்னாடா இதுன்னான். அவ்ளோதான். திரும்பவும் வலை இழுத்தோம். நல்ல பாடு. நெறைய மீனு. அவ சந்தோசப்படுவான்னு நெனைச்சேன்." பீடியைத் தண்ணீரில் போட்டார். "அது எங்களுக்குக் கீழதான் போயிருக்குது டீச்சர். எனக்குக் கீழதான். எனக்குத் தெரியவே இல்ல."

நான் கருவியை அணைத்தேன்.

"ஏன் தெரியல டீச்சர்? இருவது வருசமா கடல்ல இருக்கறேன். ஒரு காத்து திரும்பினா எனக்குத் தெரியும். இது ஏன் தெரியல?"

எனக்கு அதற்குப் பதில் தெரியும். அது பாடத்தில் இருப்பது. வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன், வேறு மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை. ஆழமான தண்ணியில அந்த அலைக்கு உயரம் கிடையாதுங்க, முழங்கால் அளவுகூட வராது. ஆனா ரொம்ப நீளம். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல பல மைல் இருக்கும். படகு மெதுவா ஏறி மெதுவா இறங்கிடும். கரைகிட்ட ஆழம் குறையும்போதுதான் முன்னால போற தண்ணி வேகம் குறைஞ்சு, பின்னால வர்றது மேல ஏறி, எழும்பி நிக்கும். கையை வைத்துக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப யாரா இருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

"யாரா இருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

"கப்பல்ல இருந்தாகூட?"

"கப்பல்ல இருந்தாகூட."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்ததும் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா மகன் எஞ்சினைக் கிளப்பினான். திரும்பி வரும் வழியில் நான் கருவியைப் போடவில்லை.

பத்து நாள் கழித்து, நான் பள்ளிக்குப் போகும் வழியில் அவர் சைக்கிளை நிறுத்தி, சனிக்கிழமை எஞ்சினை எடுக்கப்போவதாகச் சொன்னார். நான் போனேன். இடத்தைக் கண்டுபிடிக்க என் கருவி தேவைப்படவே இல்லை. தென்னையும் டவரும் அவருக்கு நினைவிருந்தன. இரண்டு பேர் முங்கிக் கயிறு கட்டினார்கள், ஆறு பேர் இழுத்தார்கள். கரையில் கொண்டுவந்து போட்டதும், சுற்றி நின்றவர்கள், இது பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்றார்கள். அது உண்மை. கையால் தட்டினால் உதிர்ந்தது. மட்டிகள் ஒட்டியிருந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள்.

அவர் போகவில்லை. சாக்கை விரித்து உட்கார்ந்து எஞ்சினைப் பிரிக்க ஆரம்பித்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்பேனர் செட் என் பக்கம் இருந்தது.

"பன்னெண்டு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

"பத்து."

சில போல்ட்டுகள் திரும்பவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, மறுபடி திருகினார். திரும்பிய ஒவ்வொன்றையும் துடைத்துச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். வெயில் ஏறி இறங்கியது. குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு பேருக்கும் டம்ளரில் டீ வைத்துவிட்டுப் போனாள். டம்ளரைத் தூக்கினேன். சூடு சுருக்கென்று விரலில் ஏறியது. கீழே வைத்துவிட்டுக் கையை ஊதிக்கொண்டேன்.

"ஆறட்டும் டீச்சர், அவசரம் இல்ல" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

அந்த ஜூனில் எனக்குத் திண்டிவனம் பக்கம் மாற்றல் வந்தது. அவருக்குப் புதுப் படகு கிடைத்து, தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. எஞ்சினைப் பிரித்த அன்று சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் அங்கேயே இருந்தேன். சாக்கின் மேல் பாகங்கள் நான்கு வரிசையாகிவிட்டன. நான் கிளம்பும் நேரம் நெருங்கியதும், மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அவர் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"இன்னும் பாதி இருக்குது" என்றார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான். வர்றேன்" என்றேன்.